தோற்றபோதும் யாரும் நம்பவில்லை: சானி லிஸ்டன், ஒரு நிகழ்வு ஆய்வு

குத்துச்சண்டை வீரர் சானி லிஸ்டனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பிறந்த தேதியிலேயே தகராறு தொடங்கிவிடும். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அதுவரை உறுதி. எந்த வருடம் என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. பிறப்புப் பதிவு இல்லை. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் இல்லை. 1940 கணக்கெடுப்பில் 10 வயதுப் பையன் என்று இருக்கிறது. குத்துச்சண்டைப் பதிவேடுகளோ 1932 மே 8 என்கின்றன. சாவிலும் இதே கதைதான். 1971 ஜனவரி 5 அன்று லாஸ் வேகாஸ் வீட்டில் பிணமாகக் கிடந்தவரை மனைவி ஜெரால்டின் கண்டார். உயிர் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. வாசலில் சேர்ந்திருந்த பால் பாட்டில்களையும் செய்தித்தாள்களையும் வைத்து 1970 டிசம்பர் 30 என்று ஒரு தேதியைக் கணித்தார்கள்.

நடுவில் இருக்கும் வாழ்க்கைக்குக் கணக்கு உண்டு. 54 தொழில்முறைச் சண்டைகள், 50 வெற்றிகள், அவற்றில் 39 நாக் அவுட், அதாவது எதிரி மேலும் சண்டை போட முடியாமல் முடிந்தவை. 1962 செப்டம்பர் முதல் 1964 பிப்ரவரி வரை, எடை மிகுந்தவர்கள் மோதும் ஹெவிவெயிட் பிரிவில் உலக சாம்பியன். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிகம் பயப்படப்பட்ட மனிதர் அவர்தான் என்று எழுதாத பத்திரிகை இல்லை.

லிஸ்டனைப் பற்றிய நினைவுகளையும் கதைகளையும் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்பப் பட்டது. அவரை வைத்துப் பயத்தை விற்றார்கள். அந்த வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு நடந்த எந்தச் சாதாரண விஷயத்தையும் யாராலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தோள் கிழிந்தது என்றார், நம்பவில்லை. அடிபட்டு விழுந்தார், நம்பவில்லை. இதயம் நின்று இறந்தார் என்று அரசு அதிகாரியே எழுதிக் கொடுத்தார், அதையும் நம்பவில்லை. அவர் ஜெயித்ததை மட்டும்தான் உலகம் மறுபேச்சில்லாமல் நம்பியது.

அடியில் தொடங்கியது

அப்பா டோப் லிஸ்டனுக்கு இரண்டு தாரங்கள் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வயலில் உழைக்க முடிந்த கையெல்லாம் வயலில்தான். பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை. அடி மட்டும் தாராளம். அப்பா தனக்குக் கொடுத்தது அடி ஒன்றுதான் என்று லிஸ்டன் பின்னாளில் சொன்னார். அம்மா ஹெலன் பிழைப்புத் தேடி செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனதும், 13 வயது வாக்கில் இவரும் பின்னாலேயே போனார். அக்காள் புருஷன் தோட்டத்து பீக்கன் மரத்தை உலுக்கிக் கொட்டைகளை விற்று வழிச்செலவுக்குக் காசு தேற்றினார் என்று அவரே சொன்ன கதை ஒன்று உண்டு. நகரத்தில் பள்ளியில் சேர்ந்தால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அவர்கள் சிரித்தார்கள். நின்றுவிட்டார். கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்.

அப்புறம் வழிப்பறி, கொள்ளை. 1950-ல் 5 வருடத் தண்டனை, ஜெபர்சன் சிட்டியில் இருக்கும் மிசௌரி மாநிலச் சிறை. அங்கே மூன்று வேளையும் சாப்பாடு கிடைத்ததால் சிறையைப் பற்றி அவர் குறையே சொன்னதில்லை. விளையாட்டுப் பொறுப்பில் இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் அலோயிஸ் ஸ்டீவன்ஸ் அவர் கையில் கையுறையை மாட்டிவிட்டார். வெளியிலிருந்து ஒரு தொழில்முறை ஹெவிவெயிட்டை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தபோது, வந்தவர் இரண்டு ரவுண்டோடு போதும் என்று இறங்கிவிட்டாராம். 1952 அக்டோபர் கடைசியில் பரோலில் வெளியே வந்தார். அடுத்த வருடமே சிகாகோ கோல்டன் க்ளவ்ஸ் என்ற அமெச்சூர் போட்டியில், 1952 ஒலிம்பிக் ஹெவிவெயிட் தங்கம் வென்ற எட் சாண்டர்ஸை வென்றார்.

உடல் அப்படி. உயரம் 73 அங்குலம்தான், ஆனால் விரித்த கைகளின் வீச்சு 84 அங்குலம். மூடிய முஷ்டியின் சுற்றளவு 15 அங்குலம். பலருக்கு இடது கையை நேராக நீட்டி விடும் ஜாப் என்பது எதிரியை எட்ட நிறுத்தி வைக்கும் அளவுகோல் மாதிரி. லிஸ்டனுக்கு அதுவே முடிவு கட்டும் அடி. அவர் ஜாப் பட்டவர்கள் பின்னால் போகவில்லை, கீழே போனார்கள்.

பயமுறுத்துவதையும் அவர் ஒரு தொழிலாகவே கற்றுக்கொண்டார். ரிங்குக்கு வரும்போது அங்கிக்குள் துண்டுகளைத் திணித்துக்கொள்வார், தோள் இன்னும் அகலமாகத் தெரியும். நடுவர் விதிகளைச் சொல்லும் அந்த அரை நிமிடம் எதிரியின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கமாட்டார். மணி அடிக்கும் முன்பே பாதிச் சண்டை முடிந்துவிடும். பத்து வருடம் கழித்து இதே பார்வையை வைத்து உலகத்தை மிரட்டிய ஜார்ஜ் ஃபோர்மேன், அதை லிஸ்டனிடமிருந்து கற்றுக்கொண்டதை மறைக்கவில்லை.

யாருடைய ஆள்?

1950-களில் அமெரிக்கக் குத்துச்சண்டை யார் கையில் இருந்தது என்று தெரியாமல் லிஸ்டனைப் புரிந்துகொள்ள முடியாது. ஃபிராங்கி கார்போ என்ற மாஃபியா ஆள் தலையசைக்காமல் பெரிய சண்டை எதுவும் நடக்காது. அவருடைய கூட்டாளி பிளிங்கி பலர்மோ பிலடெல்பியாவில் இருந்தார். காகிதத்தில் ஒருவர் மேலாளர், பின்னால் பணத்தைப் பிரித்துக்கொள்பவர்கள் வேறு. செயின்ட் லூயிஸில் ஜான் வைட்டேல் என்ற தாதாவின் வட்டத்தில் லிஸ்டன் இருந்தார். அவருக்காகத் தொழிலாளர்களை மிரட்டும் அடியாள் வேலை பார்த்தார் என்பதும் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. திறமை மட்டும் வைத்திருந்த, படிப்பும் ஆதரவும் இல்லாத, சிறைக்குப் போய் வந்த ஒரு கறுப்பினப் பையனுக்கு அந்தக் கதவைத் தவிர வேறு கதவு திறக்கவில்லை. இதை நான் நியாயப்படுத்தச் சொல்லவில்லை. கார்போவையும் பலர்மோவையும் அரசாங்கம் தண்டித்தது 1961-ல்தான், அதற்குள் ஒரு தலைமுறை வீரர்கள் அவர்கள் கை வழியாகத்தான் போயிருந்தார்கள். கறை மட்டும் லிஸ்டன் ஒருவர் மேல் ஒட்டிக்கொண்டது.

அவர் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1956 மே மாதம் ஒரு டாக்சி நிறுத்திய தகராறில் போலீஸ்காரர் ஒருவரை அடித்து, முழங்காலை உடைத்து, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவன்தான் முதலில் இனத்தைச் சொல்லித் திட்டினான், துப்பாக்கியை எடுக்கப் போனான் என்பது லிஸ்டன் தரப்பு. 9 மாதத் தண்டனை கிடைத்தது, 1957 முழுக்கச் சண்டை இல்லை. அதன் பிறகு செயின்ட் லூயிஸ் போலீஸ் அவரைக் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தியது. ஊரை விட்டுப் போகாவிட்டால் சந்தில் பிணமாகக் கிடப்பாய் என்று ஓர் அதிகாரி மிரட்டினார் என்றும் சொல்வார்கள். 1958-ல் பிலடெல்பியாவுக்குப் போனார். அங்கே இருந்ததும் பலர்மோதான்.

1960 டிசம்பரில் செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு குத்துச்சண்டையில் மாஃபியாவின் கையை விசாரித்தது. லிஸ்டனும் சாட்சி சொன்னார். தன் ஒப்பந்தத்தையே படிக்கத் தெரியாத மனிதரை உட்காரவைத்து, அந்த ஒப்பந்தத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டார்கள்.

சிகாகோவும் விமான நிலையமும்

அப்போது சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சன். மென்மையானவர், நல்ல பெயர் எடுத்தவர். அவருடைய மேலாளர் கஸ் டமாட்டோ, மாஃபியாவைக் காரணம் காட்டி லிஸ்டனோடு சண்டையைத் தள்ளிக்கொண்டே போனார். கறுப்பின உரிமை அமைப்புகளில் இருந்த பலருக்கும் இந்தச் சண்டை பிடிக்கவில்லை. உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம், உலகத்தின் முன்னால் தங்கள் இனத்தின் முகமாக ஒரு சிறைப்பறவை நிற்பதா என்ற கவலை. பேட்டர்சன் வெள்ளை மாளிகைக்குப் போனபோது அதிபர் கென்னடியே லிஸ்டனோடு மோத வேண்டாம் என்ற தொனியில் பேசியதாகச் சொல்வார்கள். பேட்டர்சன் எல்லாருக்கும் மறுப்புச் சொல்லி ஒப்புக்கொண்டார். தரவரிசையில் அடுத்து நிற்பவனுக்கு வாய்ப்புக் கொடுக்காத சாம்பியன், சாம்பியன் இல்லை என்று அவர் நினைத்தார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நியூயார்க் உரிமம் கொடுக்கவில்லை. 1962 செப்டம்பர் 25, சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானம். எடையில் லிஸ்டன் 25 பவுண்டு கூடுதல். 2 நிமிடம் 6 வினாடியில் முடிந்துவிட்டது. பேட்டர்சன் முகம் காட்ட வெட்கப்பட்டு, ஒட்டுத் தாடி மீசையோடு மைதானத்தை விட்டுப் போனார்.

லிஸ்டனைப் பற்றிய நினைவுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தச் சண்டை இல்லை, மறுநாள் பிலடெல்பியாவுக்குத் திரும்பிய விமானம்தான். பக்கத்தில் அந்த ஊர்ப் பத்திரிகையாளர் ஜாக் மெக்கின்னி உட்கார்ந்திருந்தார். லிஸ்டன் ஒரு பேச்சு தயார் செய்துகொண்டு வந்தார். ஊர்க்காரர்களிடம் என்ன சொல்வது, இனி எப்படி நடந்துகொள்ளப் போகிறேன், குழந்தைகளுக்கு முன்மாதிரியாக இருப்பேன், கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து சொல்லும் சாம்பியனாக இருப்பேன் என்று வழியெல்லாம் மெக்கின்னியிடம் ஒத்திகை பார்த்தார். இதைச் சொன்னால் சரியாக இருக்குமா, அதைச் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

விமானத்தின் கதவு திறந்தது. டையைச் சரிசெய்துகொண்டு, தொப்பியோடு படியில் வந்து நின்றார். கீழே கூட்டம் இல்லை. விமான நிலைய ஊழியர்களும் சில பத்திரிகைக்காரர்களும்தான். மேயர் இல்லை, வாத்தியம் இல்லை, கைதட்டல் இல்லை. அவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார், தோள்கள் தாழ்ந்தன, பிறகு முகத்தில் அந்தப் பழைய இறுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது என்று மெக்கின்னி பின்னாளில் சொன்னார். அவ்வளவு பெரிய பட்டத்தை வென்று வந்த ஊர்க்காரனுக்கு அந்த ஊர் கொடுத்த வரவேற்பு அது. அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில் வந்த குறிப்பு இன்னும் மோசம். ஊர்வலம் நடத்தினால் அவர் மேலிருந்த கைது வாரண்டுகளைக் கிழித்துப் பூவாகத் தூவலாம் என்று ஒருவர் எழுதினார்.

இது ஒருவரின் நினைவு, பல வருடம் கழித்துச் சொன்னது. ஆனாலும் நான் இதை நம்புகிறேன். காரணம், அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் இதோடு ஒத்துப்போகிறது. சாம்பியன் ஆன பிறகும் பிலடெல்பியா போலீஸ் அவர் காரை நிறுத்திக்கொண்டே இருந்தது. காரை மெதுவாக ஓட்டியதற்குக்கூட நிறுத்தினார்கள். 1963-ல் டென்வர் நகரத்துக்குக் குடிபோனார். பிலடெல்பியாவின் மேயராக இருப்பதைவிட டென்வரில் விளக்குக் கம்பமாக இருப்பது மேல் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் இன்றும் சுற்றுகிறது. நல்ல சாம்பியனாக இருக்க விடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். கெட்டவனாக இருந்தால் காசாவது வரும். அதே வருடம் டிசம்பரில் எஸ்குவயர் பத்திரிகை அவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லா மாட்டி அட்டைப்படம் போட்டது. அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அமெரிக்கா கொதித்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். ஒரு கறுப்பு மனிதன் குல்லா போட்டதற்கு இவ்வளவு கோபம்.

அவரோடு பழகியவர்கள் சொல்வது வேறு ஒரு லிஸ்டன். குழந்தைகளோடு இருக்கும்போது மட்டும் அவர் முகம் இளகும், மணிக்கணக்கில் அவர்களோடு விளையாடுவார் என்று பலர் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதற்கு எடை உண்டு.

மயாமி

1963 ஜூலை 22, லாஸ் வேகாஸ், பேட்டர்சனோடு மறுபடியும். 2 நிமிடம் 10 வினாடி. ஆக, இரண்டு பட்டச் சண்டைகளையும் சேர்த்து 4 நிமிடம் 16 வினாடிதான் ரிங்கில் நின்றிருக்கிறார். இந்தக் கணக்கைத்தான் அடுத்து வந்தவற்றைப் பேசும் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

1964 பிப்ரவரி 25, மயாமி பீச். எதிரே 22 வயது காசியஸ் க்ளே, பின்னாளில் முகமது அலி. பந்தயம் 7-க்கு 1 லிஸ்டன் பக்கம். கேட்கப்பட்ட 46 பத்திரிகையாளர்களில் 43 பேர் லிஸ்டன்தான் ஜெயிப்பார் என்றார்கள். பெரும்பாலோருக்குக் கேள்வி யார் ஜெயிப்பார் என்பதே இல்லை, அந்தப் பையன் உயிரோடு திரும்புவானா என்பதுதான். லிஸ்டனும் அதையே நம்பினார், பயிற்சியில் உழைக்கவில்லை. க்ளே எடை பார்க்கும் இடத்தில் கத்திக் கூச்சல் போட்டார், நாடித்துடிப்பு 120 வரை போனது. பயத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். இரவில் ரிங்கில் ஏறியபோது அவர் நிதானமாக இருந்தார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், லிஸ்டனின் ஜாப் ஆளைத் தேடிக்கொண்டே இருந்தது, ஆள் அங்கே இல்லை. மூன்றாவது ரவுண்டில் லிஸ்டனின் கண்ணுக்குக் கீழே கிழிந்தது. நான்காவது முடிவில் க்ளேயின் கண் எரிந்து பார்வை மங்கியது, கையுறையை வெட்டிவிடு என்று கத்தினார். கோச் ஏஞ்சலோ டண்டீ அவரை எழுப்பித் தள்ளிவிட்டார். லிஸ்டன் தரப்பில் காயத்துக்குப் போட்ட மருந்தா, வேண்டுமென்றே கையுறையில் தடவியதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஐந்தாவது ரவுண்டு முழுக்க ஏறக்குறைய கண் தெரியாமல் ஓடிய ஒருவரை லிஸ்டனால் வீழ்த்த முடியவில்லை. ஏழாவதுக்கு மணி அடித்தபோது அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. இடது தோளில் உணர்வில்லை என்றார்.

உடனே எழுந்தது 'ஃபிக்ஸ்', அதாவது முன்கூட்டியே பேசி விற்ற சண்டை, என்ற கூச்சல். பயங்கரமான லிஸ்டன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பட்டத்தை விடுவாரா? பரிசுப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். மருத்துவமனையில் மருத்துவர்கள் சோதித்து, இடது கை பைசெப்ஸ் தசைநார் காயப்பட்டு உள்ளே ரத்தம் கசிந்திருப்பதை உறுதி செய்தார்கள். பணம் விடுவிக்கப்பட்டது. ஃபுளோரிடா அரசு வழக்கறிஞர் விசாரித்து, சண்டை விற்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றார். பல வருடம் கழித்து வெளியான எஃப்.பி.ஐ. கோப்புகளில், லாஸ் வேகாஸ் சூதாட்டக்காரர் ஒருவர் மேல் சந்தேகம் எழுதப்பட்டிருக்கிறது. சந்தேகம்தான், நிரூபணம் இல்லை.

என் தீர்ப்பு இதில் தெளிவானது. மயாமியில் லிஸ்டன் உண்மையாகத்தான் தோற்றார். சண்டை நின்றபோது மூன்று பேரின் புள்ளிகளைப் பார்த்தால் ஒருவர் க்ளே பக்கம், ஒருவர் லிஸ்டன் பக்கம், ஒருவர் சமம். விற்ற சண்டையில் ஒருவர் ஆறு ரவுண்டு அடி வாங்கி, கண்ணுக்குக் கீழே தையல் போட்டுக்கொண்டு, சமநிலையில் வந்து நிற்கத் தேவையில்லை. இரண்டு வருடம் முதல் ரவுண்டைத் தாண்டாத, வயது முப்பதைக் கடந்த ஒருவர், வேகத்தில் தன்னைப்போல் இரு மடங்கான ஒருவரைத் துரத்தி, காற்றில் வீசி வீசித் தோளைக் கிழித்துக்கொண்டார். இதில் மர்மம் எதுவும் இல்லை. பயத்தை நம்பியவர்களுக்குத்தான் அது மர்மம்.

லூயிஸ்டன்

மறுசண்டை 1964 நவம்பர் 16, பாஸ்டனில் என்று முடிவானது. அதற்காக லிஸ்டன் கடுமையாகப் பயிற்சி எடுத்தார். மூன்று நாள் முன்பு அலிக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. தள்ளிப்போனது. லிஸ்டனின் உடல் அந்த உச்சத்துக்குத் திரும்பவே இல்லை, குடியும் சேர்ந்துகொண்டது. இடையில், 1965 பிப்ரவரி 21-ல் கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விலகி வந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பில்தான் அலி இருந்தார். பழிக்குப் பழியாக அலியை ரிங்கிலேயே சுடுவார்கள் என்று வதந்தி. பாஸ்டனில் சட்டச் சிக்கல் வந்து, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிறிய ஆலை நகரத்தில், ஐஸ் ஹாக்கி ஆடும் ஓர் அரங்குக்குச் சண்டை போய்ச் சேர்ந்தது. 1965 மே 25. பார்வையாளர்கள் 2,434 பேர். வாசலில் பைகளைச் சோதித்து உள்ளே விட்டார்கள்.

முதல் ரவுண்டு. லிஸ்டன் இடது ஜாப் விடுகிறார், அலி பின்னால் சாய்ந்து அதன் மேலாக ஒரு குட்டையான வலது கை. லிஸ்டன் விழுகிறார். அலி மேலே நின்று எழுந்திரு என்று கத்துகிறார். நீல் லைஃபர் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்குகிறது. அதில் கீழே கிடப்பவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. நடுவராக இருந்த முன்னாள் சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், அலியை மூலைக்கு அனுப்புவதிலேயே நேரத்தை விட்டுவிட்டார், விழுந்தவர் எழுவதற்கான பத்து வினாடியை எண்ணவே இல்லை. லிஸ்டன் எழுந்து, இருவரும் மறுபடியும் அடித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, ரிங் பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளைஷர் கீழேயிருந்து கூப்பிட்டு, பத்து வினாடிக்கு மேல் ஆகிவிட்டது என்றார். அதன் பிறகுதான் சண்டை நிறுத்தப்பட்டது. கூட்டம் பொய், பொய் என்று கத்தியது.

அடி பட்டதா? படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பட்டது. லிஸ்டனின் தலை அசைகிறது, ஊன்றியிருந்த இடது பாதம் தரையை விட்டு எழுகிறது. பாறை மாதிரி நின்ற ஒருவரை அவ்வளவு நேரம் படுக்கவைக்கும் அடியா என்பது வேறு கேள்வி. லிஸ்டன் சொன்ன விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அலி தலைமேலேயே நின்றான், எழுந்தால் அந்த நொடியே அடிப்பான் என்று ஒருமுறை சொன்னார். பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளரிடம், அலி பைத்தியம், அவன் ஆட்கள் வேறு வந்துகொண்டிருந்தார்கள், அதனால் விழுந்தேன், எனக்கு அடியே படவில்லை என்றார்.

மயாமியைப் போல் இதில் என்னால் உறுதியாகப் பேச முடியாது. ஆனால் விற்கப்பட்ட சண்டை என்று சொல்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விழுவதற்குக் காசு வாங்கியவர் ஏன் எழுந்து நின்று மறுபடியும் சண்டை போட்டார்? அடி பட்டது, விழுந்தார், விழுந்த பிறகு எழுவதற்கு மனம் இல்லை, பிறகு எழுந்தார். எனக்கு இதுதான் மிகவும் பொருந்துகிறது. யாரும் வரவேற்காத ஒரு பட்டத்துக்காக, துப்பாக்கிக் குண்டு வருமா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூடத்தில், ஒருவருக்கு மனம் விட்டுப்போவது நடக்காத காரியமா?

கடைசி ஐந்து வருடங்கள்

பலர் லூயிஸ்டனோடு கதையை முடித்துவிடுவார்கள். அது அநியாயம். 1966-67ல் சுவீடனில் நான்கு சண்டைகள், ஏற்பாடு செய்தவர் முன்னாள் சாம்பியன் இங்கேமார் யோஹான்சன். அங்கிருந்து திரும்பும்போது ஒரு சிறுவனைத் தத்தெடுத்துக்கொண்டு வந்தார். தொடர்ந்து 14 சண்டைகளில் வெற்றி. 1969 டிசம்பரில் லியோட்டிஸ் மார்ட்டினிடம் ஒன்பதாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார், அதுவரை அந்தச் சண்டையில் முன்னணியில் இருந்தது லிஸ்டன்தான். மார்ட்டினுக்கு அந்தச் சண்டையில் விழித்திரை விலகி, அவரும் அதன்பின் ரிங் ஏறவில்லை. 1970 ஜூன் 29, ஜெர்சி சிட்டியில் சக் வெப்னரோடு கடைசிச் சண்டை. வெப்னர் முகத்தில் 70-க்கும் மேற்பட்ட தையல்கள் விழுந்தன. நீங்கள் பார்த்ததிலேயே தைரியமான ஆள் வெப்னரா என்று கேட்டதற்கு, இல்லை, அவனுடைய மேலாளர்தான் என்றாராம் லிஸ்டன்.

அந்தக் காலத்தில்தான் இளைஞர் ஃபோர்மேன் அவரோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்தார். தன்னைப் பின்வாங்க வைத்த ஒரே ஆள் லிஸ்டன் என்று கடைசிவரை சொன்னார். ஃபோர்மேனும் ஒரு காலத்தில் எல்லாரும் பயந்த, யாருக்கும் பிடிக்காத சாம்பியன்தான். தோற்று, ஒதுங்கி, பாதிரியாராகி, சிரித்த முகத்தோடு திரும்பி வந்து 45 வயதில் மறுபடியும் பட்டம் வென்றபோது அமெரிக்கா அவரைக் கொண்டாடியது. லிஸ்டனுக்கு அந்த இருபது வருட அவகாசம் கிடைக்கவில்லை.

அந்தப் படுக்கையறை

ஜெரால்டின் கிறிஸ்துமஸுக்கு செயின்ட் லூயிஸ் போயிருந்தார். ஜனவரி 5 இரவு திரும்பி வந்தபோது, கட்டிலருகே இருந்த இருக்கை உடைந்து லிஸ்டன் பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். போலீஸுக்குச் சொல்வதற்கு முன் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் சொன்னார், இடையில் சில மணி நேரம் போயிற்று. சமையலறையில் ஒரு பலூனில் கால் அவுன்ஸ் ஹெராயின் கிடைத்தது. ஊசியோ சிரிஞ்சோ கிடைக்கவில்லை. உடலில் மார்பின், கோடீன் தடயம் இருந்தது, ஆனால் உடல் அழுகிப்போயிருந்ததால் அளவைத் தீர்மானிக்க முடியவில்லை. நுரையீரல் நெரிசல், இதயச் செயலிழப்பு, இயற்கை மரணம் என்று அறிக்கை முடிந்தது.

நண்பர்கள் ஒரே குரலில் சொன்னது, லிஸ்டனுக்கு ஊசி என்றால் பயம். தடுப்பூசி போட மறுத்து ஆப்பிரிக்கப் பயணத்தையே விட்டவர் என்று பயிற்சியாளர் சொன்னார். அப்படியானால் கொலை என்றார்கள். கடன் வசூல் தகராறு, போதைமருந்துக் கும்பல், தர வேண்டிய பங்கு என்று ஆளுக்கொரு கதை. இவற்றில் ஒன்றுக்கும் நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரம் இதுவரை வரவில்லை. இன்னொரு பக்கம், சில வாரம் முன்பு கார் விபத்தில் சிக்கி, மருத்துவமனையில் இருந்து வந்தவர். முப்பது வருடம் அடி வாங்கிய உடல், இதயத் தசை இறுகியிருந்தது, குடி. போதைமருந்து அதில் எவ்வளவு சேர்ந்தது என்பதுதான் திறந்திருக்கும் கேள்வி. ஊசிக்குப் பயந்தவர் போதைக்கு ஆளாகமாட்டார் என்பது வாதம் ஆகாது. விசாரணை அவசரமாக மூடப்பட்டது என்ற புகார் நியாயமானது, அதை நானும் ஏற்கிறேன். அந்த அவசரத்தை வைத்துக் கொலையை நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான்.

1991-ல் சர்வதேசக் குத்துச்சண்டை நினைவரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. லிஸ்டன் எப்படிப்பட்ட வீரர் என்று அறிய நினைப்பவர்கள் அலி சண்டைகளைப் பார்த்துப் பயனில்லை, பேட்டர்சன் சண்டைகளும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். 1960 மார்ச்சில் ஹூஸ்டனில் க்ளீவ்லண்ட் வில்லியம்ஸோடு நடந்த இரண்டு ரவுண்டைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தின் மிகக் கனமான கைகளில் ஒன்று வில்லியம்ஸுடையது, முந்தைய வருடச் சண்டையில் லிஸ்டனின் மூக்கை உடைத்தவர். முதல் ரவுண்டில் அவர் நேராக விட்ட அடிகள் லிஸ்டன் மேல் விழுகின்றன. லிஸ்டன் அத்தனையும் வாங்கிக்கொண்டு, ஒரு அடியும் பின்வைக்காமல், ஜாப்பை வைத்தே வழி செய்துகொண்டு உள்ளே போகிறார். முறைப்பதற்கு அங்கே நேரம் இல்லை, துண்டு திணித்த அங்கியும் இல்லை. முழுக்க முழுக்கக் குத்துச்சண்டை.